வற்றம் பார்த்து ஓடுங்கள்: கடலோரப் புகலிடங்களில் ஓட்டம்

அமெரிக்கக் கடலோரத்தில் மேடு பள்ளம் இல்லாத, வண்டித் தொல்லை குறைவான, மைல் கணக்கில் ஓடினாலும் ஒரு சிக்னல்கூடக் குறுக்கே வராத பாதையைத் தேடுபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் தேசிய வனவிலங்குப் புகலிடங்கள்தான். உப்புச் சதுப்பின் நடுவே போகும் மண்கரை, மணல்மேட்டுக்கு அப்பால் ஆளில்லாத கடற்கரை, இரண்டையும் இணைக்கும் பலகைப் பாதை. ஓடுவதற்காகவே போட்டு வைத்தது போலத் தோன்றும். ஆனால் இவற்றில் எதுவும் ஓடுபவர்களுக்காகப் போட்டதல்ல. இதை மறந்துவிட்டுப் பூங்காவுக்குப் போவது போலக் கிளம்புபவர்கள் பாதியில் திரும்புகிறார்கள், அல்லது வாசலிலேயே பூட்டைப் பார்க்கிறார்கள்.

ஃபுளோரிடாவின் பெலிகன் தீவை 1903இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பறவைகளுக்கென ஒதுக்கினார். அதில் தொடங்கிய இந்த அமைப்பில் இன்று 570க்கும் மேற்பட்ட புகலிடங்கள் இருக்கின்றன. 1997ஆம் ஆண்டுச் சட்டம் மனிதர்களுக்கு முன்னுரிமையாக அனுமதித்தவை ஆறு: வேட்டை, மீன்பிடித்தல், விலங்குகளைப் பார்த்தல், படம் எடுத்தல், சுற்றுச்சூழல் கல்வி, இயற்கையைப் பற்றிய விளக்கம். ஓட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. துப்பாக்கியோடு வாத்து சுட வருபவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஷூ மாட்டிக்கொண்டு ஓட வருபவருக்கு இல்லை என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனாலும் நிலைமை அதுதான். பட்டியலில் இல்லாத எதையும், விலங்குகளுக்கு இடைஞ்சல் இல்லை என்று அந்தந்தப் புகலிடத்தின் மேலாளர் முடிவு செய்தால்தான் அனுமதிப்பார்கள்.

அதனால் இடத்துக்கு இடம் விதி மாறும். வாஷிங்டன் மாநிலத்தின் நிஸ்குவாலி புகலிடத்தில் ஓட்டம், சைக்கிள், நாய் மூன்றுக்கும் தடை. நடக்கலாம், அவ்வளவுதான். வர்ஜீனியாவின் சின்கோடீக்கில் 3.2 மைல் நீளத் தார் வளையப் பாதை ஒன்று இருக்கிறது. பிற்பகல் 3 மணிவரை அதில் கார்களுக்கு அனுமதி இல்லை. அதே மாநிலத்தின் பேக் பே புகலிடத்தில் குளங்களைச் சுற்றிய மண்கரைகளை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுகிறார்கள், குளிர்காலத்தைக் கழிக்க வரும் நீர்ப்பறவைகளுக்காக. மாசசூசெட்ஸின் பார்க்கர் ரிவரில் நேர்மாறு: சுமார் 6 மைல் கடற்கரை ஏப்ரல் 1 அன்று மூடப்படும், கோடையில் கூடு கட்டும் காலம் முடிய முடியப் பகுதி பகுதியாகத் திறக்கும். ஃபுளோரிடாவின் டிங் டார்லிங்கில் முக்கியப் பாதைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கிளம்பும் முன் அந்தப் புகலிடத்தின் விதிப் பக்கத்தில் ‘ஜாகிங்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அப்படியே மூடல் அறிவிப்புகளையும் பாருங்கள். ஓட்டச் செயலிகளில் யாரோ பதிந்து வைத்த தடத்தை நம்பிப் போகவே கூடாது. அது எந்த மாதத்தில் ஓடியது என்பதும், அன்றைக்கு அது திறந்திருந்ததா என்பதும் தடத்தில் தெரியாது.

பெரும்பாலான இடங்கள் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். நெற்றி விளக்குப் போட்டு விடியுமுன் ஓடும் பழக்கம் இங்கே செல்லாது. குழுவாகவோ போட்டியாகவோ ஓட வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

விதிகள் முடிந்தன. இனி நேரம். கடலோரத்தில் எத்தனை மைல் ஓடுவது என்பதைவிட எப்போது ஓடுவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான பதில், கடல் எப்போது ஏறும் (ஏற்றம்), எப்போது இறங்கும் (வற்றம்) என்று சொல்லும் ஓத அட்டவணையில் இருக்கிறது.

அட்லாண்டிக் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே 7 மணிக்குக் கடல் ஏறி நிற்கும். வாரம் தவறாமல் ஒரே நேரத்தில் ஓடுபவர்களைக் கடற்கரை ஏமாற்றுவது இப்படித்தான். பசிபிக் கரையில் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் இருக்காது. மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம், அதுவும் சிறியது. அங்கே அட்டவணையைவிடக் காற்றுதான் தண்ணீரை ஏற்றி இறக்கும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தை ஆறாகப் பிரித்தால், முதல் மணியில் மொத்த உயரத்தில் 12இல் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1. கடலோடிகளின் பழைய கணக்கு இது. துல்லியமானதல்ல, ஆனால் ஓடுபவருக்குப் போதும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் ஏறிவிடுகிறது. வற்றம் முடிந்து ஒன்றரை மணி கழித்துக் கிளம்பி, ‘இன்னும் நிறைய மணல் இருக்கிறதே’ என்று தூரமாகப் போய்விட்டுத் திரும்புபவருக்கு வரும்போது இருந்த பாதை இருக்காது. கிளம்ப ஏற்ற நேரம் வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பு. இறங்கிக்கொண்டிருக்கும் கடலோடு போய், வற்றத்தையொட்டித் திரும்பி, ஏற்றம் வேகம் பிடிக்குமுன் வண்டிக்கு வந்துவிடலாம்.

அட்டவணையில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, திறந்த கடலுக்கான நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் சதுப்புக்குப் போவது. கரையையொட்டி நீண்டு கிடக்கும் தடுப்புத் தீவுக்குப் பின்னால் உள்ள உப்பங்கழியில் ஏற்றம் ஒரு மணி, சில இடங்களில் இரண்டு மணிக்கு மேலும் பிந்தி வரும். ஓடும் இடத்துக்கு மிக அருகிலுள்ள அளவை நிலையத்தின் நேரத்தை எடுக்க வேண்டும். இரண்டு, அட்டவணை நிலவையும் சூரியனையும் பார்த்துப் போட்டது, காற்றை அல்ல. கடலிலிருந்து கரை நோக்கி இரண்டு நாள் பலமாகக் காற்று வீசினால் வற்றம் வற்றமாகவே இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தோடு இதுவும் சேர்ந்தால் தாழ்வான மண்கரைச் சாலைகள்மேலேயே தண்ணீர் நிற்கும்.

வற்றத்தில் ஓடுவது காலுக்கு நல்லது. உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போலச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கால் பதியும்போது மணலைத் தள்ளுவதிலேயே உழைப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது. கடல் இப்போதுதான் விட்டுப்போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், சரிவும் குறைவு. ஏற்ற நேரத்தில் மிஞ்சுவது மேலே உள்ள பொலபொலத்த மணலும், கடலை நோக்கிச் சாய்ந்த செங்குத்துப் பட்டையும்தான். அந்தச் சாய்வில் ஒரு கால் எப்போதும் மேலே, ஒரு கால் எப்போதும் கீழே. முழங்காலின் வெளிப்பக்கமும் குதிகால் நரம்பும் மறுநாள் பேசும். போன வழியே திரும்பினால் சமன் ஆகிவிடும் என்பார்கள். சரிவு அதற்குள் மாறாமல் இருந்தால்தான் அதுவும். மணலில் கைக்கடிகார வேகத்தைப் பார்க்காமல் மூச்சை வைத்து ஓடுங்கள்.

அதே வற்ற நேரம் பறவைக்கும் நல்லது என்பதுதான் இந்த இடங்களின் அழகான பொருத்தம். கடல் இறங்கியதும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் விரிந்து கிடக்கும் சேற்றில் பரவி மேயும். நீங்கள் ஒரு ஓரமாகப் போனாலும் அவற்றுக்கு ஒதுங்க இடம் உண்டு. ஏற்றத்தில் சேறு முழுக்க மூழ்கிவிடும். ஆயிரக்கணக்கான பறவைகள் மிஞ்சிய குறுகிய மணல்திட்டில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். ஓடுபவருக்கும் மிஞ்சுவது அதே திட்டுதான். அங்கே ஒரு ஆள் ஓடினால் மொத்தக் கூட்டமும் எழும்பும். டெலாவேர் விரிகுடாவில் மே மாதக் கடைசியில் இதன் விலை அதிகம். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வடதுருவப் பகுதிக்குப் போகும் ரெட் நாட் என்ற உள்ளான்கள், குதிரைலாட நண்டுகளின் முட்டையைத் தின்று இரண்டு வாரத்துக்குள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் சேர்த்த கொழுப்பு கரைகிறது. 2014இல் இந்தப் பறவை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அமெரிக்க அரசின் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பருவத்தில் நண்டு முட்டையிடும் கடற்கரைகள் பலவற்றுக்குள் நுழையவே முடியாது.

கூடு கட்டும் காலத்தில் கவனம் வேறு. பைப்பிங் ப்ளோவர் என்ற சின்ன உப்புக்கொத்தியின் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், மணல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு. நின்று பார்த்தாலே கண்ணில் படாது, ஓடும்போது கேட்கவே வேண்டாம். குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு ஓடத் தொடங்கிவிடும். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும் அது, கரையொதுங்கிய கடற்பாசி வரிசையில் பூச்சி தேடும். ஆள் வரும் அதிர்வு தெரிந்தால் ஓடிப்போகாது, அப்படியே உறைந்து உட்காரும். பெரும்பாலும் ஏதாவது கால்தடப் பள்ளத்திலோ டயர் தடத்திலோ. ஆகவே கம்பு நட்டுக் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டவில்லை என்பதோடு கடமை முடிவதில்லை. கயிறு கூட்டைத்தான் காக்கிறது, குஞ்சு கயிற்றுக்கு வெளியேதான் மேய்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை, திறந்திருக்கும் கரையில்கூட, பாசி வரிசைமேல் கால் வைக்காமல் அலையோரத்து ஈர மணலிலேயே இருங்கள். ஒரு பறவை சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினால், கூட்டை நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும், சுற்றிப் போகக்கூடாது. ஆலாக்கள் தலைக்குமேல் குத்திப் பாய்ந்து எச்சமிட்டாலும் செய்தி அதேதான்.

இனி மண்கரைகள். மைல் கணக்கைக் கூட்ட விரும்புபவர்கள் ஓடும் இடம் இதுதான். சதுப்பில் தண்ணீரைத் தேக்கவும் வடிக்கவும் கட்டிய கரைகள் இவை. ஆங்காங்கே மதகு இருக்கும், மதகில் அடுக்கடுக்காகச் செருகிய பலகைகள் இருக்கும். வசந்தத்தில் பலகையை உருவித் தண்ணீரை இறக்கிச் சேற்றை வெளிக்காட்டுவார்கள், உள்ளான்களுக்காக. இலையுதிர் காலத்தில் பலகை போட்டு நிரப்புவார்கள், வாத்துகளுக்காக. இது தெரிந்திருந்தால் ஓடுவதற்கு ஒரு லாபம் உண்டு: எந்தக் குளத்தில் இப்போது கூட்டம் இருக்கும், எந்தக் கரையைத் தவிர்த்தால் நிம்மதியாக ஓடலாம் என்று ஊகிக்கலாம்.

கரையின் மேல்பரப்பில் இரண்டு டயர் தடம், நடுவில் புல், இருபக்கமும் புல் மூடிய விளிம்பு. ஓட வேண்டியது டயர் தடத்தில் மட்டும். விளிம்புப் புல் மெத்தென்று ஆசை காட்டும். அடியில் மஸ்க்ராட் என்ற நீரெலி தோண்டிய வளை இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வாசல் வைத்து, கரையின் வயிற்றுக்குள் மேல்நோக்கிக் குடைந்துகொண்டே வரும் விலங்கு அது. மேலே ஒரு சாண் மண்ணும் புல்வேரும் மட்டும் மிஞ்சியிருக்கும். நடந்தால் தாங்கும், ஓடும் காலின் அடி விழுந்தால் முழங்கால்வரை உள்ளே போகும். புல் வெட்டிய புதிதில் குழிகளை வெட்டிய புல்லே மூடியிருப்பதால் அப்போது இன்னும் மோசம்.

புதிதாகச் சரளை கொட்டிய கரையில் முதல் சில வாரங்கள் கல் உருளும். வண்டிகள் ஓடி அழுத்தியபின் நல்ல தரை. வெறும் களிமண் கரை மழைக்குப் பின் ஷூ அடியில் அப்பிக்கொண்டு காலைக் கனக்க வைக்கும். காய ஓரிரு நாள் விடுங்கள், ஈரத்தில் ஓடி உண்டாக்கும் பள்ளம் அப்படியே இறுகிவிடும். தெற்கில் சில இடங்களில் சிப்பி ஓட்டைப் பொடித்துப் போட்டிருப்பார்கள். ஓடப் பிரமாதம், விழ மோசம். அதில் கிழிந்த காயத்தோடு வெதுவெதுப்பான உவர்நீரில் காலை வைக்க வேண்டாம். விப்ரியோ என்ற பாக்டீரியா அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடும், திறந்த காயம் வழியாக உடலில் ஏறும். கொண்டுபோன குடிநீரில் கழுவுங்கள், வீங்கிச் சிவந்து வலி கூடிக்கொண்டே போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பலகைப் பாதையில் ஓட வேண்டாம். பாசியும் பனியும் வழுக்கும், எதிரே கேமராவோடு ஒருவர் நின்றால் ஒதுங்க இடம் இல்லை, அதிர்வு சதுப்பு முழுக்கக் கேட்கும். நடந்து கடப்பதே சரி.

மலைப்பாதையில் மேடு செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. மரமோ கட்டடமோ இல்லாத கரை, தப்பிக்க வழியில்லை. காற்றின் எதிர்ப்பு, காற்றுக்கும் உங்களுக்கும் இடையே உள்ள வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். மணிக்கு 6 மைல் வேகத்தில் ஓடும்போது எதிரே 12 மைல் காற்று என்றால் ஒப்பு வேகம் 18, எதிர்ப்பு காற்றில்லாத நாளைப்போல ஒன்பது மடங்கு. ‘போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று’ என்று எல்லோரும் சொல்லும் விதி குளிர்காலத்துக்குச் சரி. வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்பினால் விறைத்துவிடும். கோடையில் அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பேன். உங்கள் வேகமும் பின்காற்றின் வேகமும் ஒன்றானால் உடம்பில் காற்றே படாது, வியர்வை உலராது. வெயில் ஏறிய பிறகு திரும்பும் பாதிக்கு அது ஆபத்தான நிலை. விடியலில் பின்காற்றோடு போய்விட்டு வெயிலில் எதிர்காற்று வாங்கித் திரும்புவது மெதுவானாலும் உடம்புக்குக் குளிர்ச்சி. தரை சூடேறியபின் முற்பகலில் கடற்காற்று எழும்பும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சிகளுக்கு வருவோம், ஏனென்றால் ஜூலையில் இந்தப் பாதைகளை மூடுவது வாயிற்கதவு அல்ல, அவைதான். உப்புச் சதுப்புக் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, ஈரச் சேற்றில் இடுகிறது. பெரிய ஏற்றமோ கனமழையோ வந்து அந்தச் சேறு மூழ்கும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் பொரிக்கும். கோடையில் ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயார். ஆகவே அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்குப் பின் ஒரு வாரம் கழித்து வரும் நாட்கள் மோசமானவை. நாட்காட்டியைப் பார்த்தே தவிர்க்கலாம்.

கிரீன்ஹெட் என்ற பச்சைக்கண் ஈ வேறு ரகம். நியூ ஜெர்சி முதல் மாசசூசெட்ஸ் வரை ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் பகல் முழுக்கச் சதுப்பை ஆளும். ஊசி போடுவதுபோல் குத்தாது, தோலை வெட்டி இரத்தம் குடிக்கும். நகரும், கருமையான, சூடான எதையும் துரத்தும் என்பதால் ஓடுபவர் அதற்கு உகந்த இலக்கு, ஓடித் தப்பவும் முடியாது. கொசு விரட்டித் தைலம் இதன்முன் அதிகம் எடுபடாது. வெளிர்நிற, தொளதொள ஆடை கொஞ்சம் உதவும். பலத்த காற்றும் குளிர்ந்த விடியலும் உண்மையில் உதவும். அந்தச் சில வாரங்களுக்கு வேறு இடத்தில் ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

உண்ணி காத்திருக்கும் இடம் பாதையோரப் புல்நுனி. பெர்மெத்ரின் மருந்தைச் சாக்ஸிலும் ஷூவிலும் வீட்டிலேயே அடித்து நன்றாகக் காயவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தோலில் அடிக்கக்கூடாது. மீன்களுக்கு விஷம் என்பதால் சதுப்பருகே வந்து அடிப்பதும் தகாது. லைம் நோய்க் கிருமி உடம்பில் ஏற உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கே முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, காதின் பின்பக்கம் தேடி எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

தெற்கே குளிர்ந்த காலைகளில் முதலை இனத்து அலிகேட்டர் கரைமேல் வெயில் காயும். பாதையை மறித்துப் படுத்திருந்தால் திரும்பிவிடுவது ஒன்றே வழி, தாண்டுவதோ ஓரமாக நழுவுவதோ இல்லை. கோடையில் கூட்டருகே தாய் காவல் இருக்கும். இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கென ஒதுக்கிய நாட்களில் பல புகலிடங்கள் மற்றவர்களை உள்ளே விடுவதில்லை. விடும் இடத்தில் பளீர் ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவென்றால் அந்த இடத்தில் மிக உயரமான பொருள் நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்புங்கள். பறவை பார்க்கும் கோபுரம் அடைக்கலம் ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வர வேண்டாம். வளையக் கரைகளில் குறுக்குவழி கிடையாது என்பதால், பாதித் தூரம் தாண்டியபின் திரும்புவதும் முடிப்பதும் ஒன்றுதான். வானத்தைப் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால். குடிநீரும் உள்ளே கிடைக்காது. வெயில் நாளில் மணிக்கு அரை லிட்டராவது முதுகில் இருக்கட்டும்.

ஷூவில் நீர்புகா வகையைத் தவிருங்கள். கணுக்காலுக்கு மேலே ஏறிய அலை உள்ளே போனால் வெளியே வராது. வலைத்துணி மேல்பாகம், அடியில் ஆழமில்லாத பற்கள், மெல்லிய சாக்ஸ் போதும். உலர்ந்த மணலில் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் துணி உறை நன்றாக வேலை செய்யும். ஈர மணல் ஷூவுக்குள் பாதம் படும் உள்தகட்டுக்குக் கீழே படிந்து கட்டியாகும். விரலடியில் ஏதோ மடிந்ததுபோல் இருந்தால் நின்று தகட்டை எடுத்துத் தட்டுங்கள், அடுத்த மைலில் அதுதான் கொப்புளம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, தகட்டைக் கழற்றி நிழலில் காயவைக்க வேண்டும். அலசுமுன் பற்களுக்கிடையே சிக்கிய மண்ணையும் விதையையும் தூரிகையால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு சதுப்பின் களைவிதை இன்னொரு சதுப்புக்குப் பயணம் செய்யும் வழிகளில் ஷூவும் ஒன்று.